தடித்த எழுத்து வேறு, தலைப்பு வேறு

“தமிழ் விக்கிப்பீடியாவுல நம்ம பகுதி மெட்டுகுடாவைப் பத்தி நாலு பத்தி எழுதி, படமும் போடணும். எப்படிப் போடறது?” என்று எதிர் வீட்டு மாமா கேட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டீ வரும்வரை அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

மாமா தன் வரைவில் ‘வரலாறு’ என்ற சொல்லுக்கு இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி இட்டிருந்தார். எழுத்து தடித்துவிட்டது, பார்க்கத் தலைப்பு போலவே இருந்தது. ஆனால் அது தலைப்பு என்று கணினிக்குத் தெரியாது. அதையே == வரலாறு == என்று எழுதினால் பக்கத்தின் பொருளடக்கத்தில் அது தானாகச் சேரும். அந்தப் பகுதியை மட்டும் தனியாகத் திருத்தலாம். பார்வையற்ற வாசகர் திரை வாசிப்பான் மூலம் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வெறும் தடித்த எழுத்தாக இருந்தால், அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அதனால் எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று யோசிக்காமல், அது என்ன என்று குறித்துவிடுங்கள்.

தடித்த எழுத்து கட்டுரைப் பெயருக்கு, முதல் வரியில் ஒரு முறை போதும். பத்து இடத்தில் தடித்தால் கண் எங்கேயும் நிற்காது. சாய்வெழுத்தைத் தமிழில் நான் தவிர்த்துவிடுவேன். நம் எழுத்தின் சுழிகளை மென்பொருள் பிடித்துச் சாய்க்கும்போது, ‘ணை’ போன்றவை சிறிய திரையில் கலங்கித் தெரிகின்றன. நூல் பெயருக்கு மேற்கோள் குறி போதும்.

படத்துக்கு வருவோம். முதல் வேண்டுகோள்: எழுத்தைப் படமாக்காதீர்கள். தொண்ணூறுகளின் இறுதியில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு இருந்தது. அது நம் கணினியில் இல்லையென்றால் குப்பையாகத் தெரியும். அதனால் பலர் தமிழைப் படமாக்கியே அனுப்பினார்கள், அன்று வேறு வழியும் இல்லை. இன்று எல்லாக் கைப்பேசியிலும் யூனிகோடு என்ற பொதுக் குறியீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அழைப்பிதழ், இரங்கல் செய்தி எல்லாம் இன்னும் படமாகவே வருகின்றன. அவற்றுக்குள் இருக்கும் பெயரைப் பலரால் தேடி எடுக்க முடிவதில்லை.

புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்த மூலக்கோப்பாகவே, விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகச் சுற்றி வந்தது சுருங்கிப் போயிருக்கும், எடுத்த தேதி போன்ற விவரமும் அதில் இருக்காது. கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, இடத்தின் பெயரையே கோப்புக்கு வையுங்கள். நீங்கள் எடுத்த படமாக இருக்க வேண்டும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும், வணிகத்துக்குக்கூட, பயன்படுத்தலாம் என்ற உரிமத்துக்குச் சம்மதிக்கிறீர்கள் என்பதையும் தெரிந்தே ஏற்றுங்கள். மெட்ரோ நிலையக் கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிட 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. தூணில் ஒட்டிய சினிமா போஸ்டரை நெருக்கமாக எடுத்துப் போட அதில் இடமில்லை.

கட்டுரையில் படத்தைச் சேர்க்க, இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ‘படிமம்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். அதோடு விட்டுவிடாமல் விளக்கமும் எழுதுங்கள். ‘மெட்டுகுடா மெட்ரோ’ என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ‘2017 நவம்பரில் நாகோல்–அமீர்பேட்டை தடத்தோடு திறக்கப்பட்ட மெட்டுகுடா நிலையம்’ என்றால் வாசகருக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது. பார்க்க முடியாதவருக்கான மாற்று உரை தனி: ‘சாலைக்கு மேலே தூண்களில் நிற்கும் நிலையம், கீழே ஆட்டோக்கள்.’ பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம்.

கைபழக உங்கள் பயனர் கணக்கிலேயே மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கம் இருக்கிறது, அங்கே எழுதிப் பாருங்கள். லாலாகுடா பணிமனை, ரயில்வே குடியிருப்புகள் என்று நீங்களே எடுத்த படங்கள் வீட்டில் இருந்தால், ஆண்டையும் இடத்தையும் எழுதி ஏற்றிவிடுங்கள். அந்த விவரம் உங்களுக்குத்தான் தெரியும்.