கோதுமைக் கப்பலும் கோபக்கார ஜனாதிபதியும்!

மாசக் கடைசியில் பக்கத்து ஸீட் நண்பரிடம் கைமாத்து வாங்கியிருக்கிறீர்கள். மறுநாள் கேன்டீனில் அவர், ‘நம்ம மேனேஜர் தங்கமான மனுஷன்’ என்கிறார். ‘தங்கமா? தகரம்!’ என்று சட்டென்று சொல்லிவிட முடியுமா? டீயோடு சேர்த்து வார்த்தையையும் விழுங்க வேண்டியதுதான். கடன்பட்ட தேசங்களுக்கும் இதே கதிதான்!

1960-களில் இந்தியாவின் நிலை அதுதான். அமெரிக்கா பக்கமும் சாயமாட்டோம், ரஷ்யா பக்கமும் சாயமாட்டோம் என்பது நேரு வகுத்த அணிசேராக் கொள்கை. கேட்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால், ரேஷன் கடை கோதுமை அமெரிக்காவிலிருந்து அல்லவா வந்துகொண்டிருந்தது! 1954-ல் அவர்கள் போட்ட ‘பி.எல்.480’ சட்டப்படி, டாலர் வேண்டாம், ரூபாய் கொடுத்தாலே போதும். 1956-ல் கையெழுத்துப் போட்டோம். ‘அட, இது சௌகரியமா இருக்கே!’ என்று பழகியும் விட்டோம்.

வந்தது 1965. ஒரு பக்கம் பாகிஸ்தானோடு யுத்தம். மறுபக்கம் மழை பொய்த்தது. முந்தைய வருஷம் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. ‘வாரத்தில் ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள்’ என்று பிரதமர் சாஸ்திரி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குழாயை மூடி மூடித் திறந்தார். மொத்த ஒப்பந்தம் கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பல் கிளம்பும்! ‘முதலில் உங்கள் விவசாயத்தைக் கவனியுங்கள்’ என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால், வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்ததில் அவருக்கு எரிச்சல் என்பதும் ஊரறிந்த ரகசியம். 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. அதே வருஷம் ஜூனில், உதவி தருகிறவர்களின் நெருக்கடியில், டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆனது. வயிறு அடுத்தவன் கையில் இருந்தால், வாயும் பர்ஸும் மட்டும் நம் கையிலா இருக்கும்?

இங்கேதான் வருகிறார் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். அப்போது மத்திய உணவு அமைச்சர். மெக்ஸிகோவின் குட்டைரகக் கோதுமையைக் கொண்டுவரலாம் என்றார். ‘விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது?’ என்று மந்திரி சபையிலேயே எதிர்ப்பு. மனுஷர் அசரவில்லை. டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது கோதுமை விதைத்தார்! 1966-ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது.

1967 தேர்தலில் சி.எஸ். தோற்றுப்போனார். 1968-ல் கோதுமை ஜெயித்தது! சுமார் 1.7 கோடி டன் மகசூல். மூட்டைகளை அடுக்க இடமில்லாமல், பள்ளிக்கூடங்களைக்கூடக் காலி செய்தார்கள்.

பலன் 1971 டிசம்பரில் தெரிந்தது. பங்களாதேஷ் யுத்தத்தின்போது நிக்ஸன் ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். இந்திரா காந்தி மசியவில்லை. ஆகஸ்டிலேயே ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் ஒரு துணை. கிடங்கில் கிடந்த தானியம் இன்னொரு துணை. ‘கோதுமையை நிறுத்திடுவேன்’ என்ற பழைய மிரட்டலுக்கு அப்போது வேலையே இல்லை!

அதற்காக இன்று நாம் யாருக்கும் அஞ்சாத சூரர்களாகிவிட்டோமா? அவசரப்படாதீர்கள். 2022-ல் உக்ரைன் விவகாரத்தில் ஐ.நா.வில் யார் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினோம். ரஷ்யாவிடம் மலிவாக எண்ணெயும் வாங்கினோம். 2025 ஆகஸ்டில் அதையே காரணம் காட்டி, இந்தியச் சரக்குகள் மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டார் டிரம்ப். முன்பு போட்ட 25 சதவீதத்தோடு சேர்த்து மொத்தம் 50! அந்த அடி திருப்பூர் பனியன் கம்பெனிகள் வரைக்கும் வலித்தது.

சோற்றுக்குக் கையேந்தும் நிலை போய்விட்டது. எண்ணெய்க்கும், சரக்கு விற்கும் சந்தைக்கும் இன்னும் அடுத்தவர் முகத்தைத்தான் பார்க்கிறோம். நிமிர்ந்து பேசுவதற்கு டெல்லியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினால் மட்டும் போதாது. அன்றைக்கு அந்த தைரியம் வயலில் விளைந்தது. இனி அது எங்கே விளையப்போகிறது என்பதுதான் கேள்வி!