கட்டடத்திற்கு எத்தனை நட்சத்திரம்?

தில்லியில் மே மாதத்து வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் அலுவலகத்திற்குப் புறப்படும் தாய் ஒருவர், கைப்பைக்குள் சால்வை ஒன்றை மடித்து வைக்கிறார். “இந்த வெயிலில் சால்வை எதற்கு, அம்மா?” என்று மகள் வியப்புடன் கேட்கிறாள். “வெயில் எல்லாம் வாசலோடு சரி. உள்ளே போய் உட்கார்ந்தால் பத்து மணிக்கெல்லாம் கை விறைத்துவிடும்” என்கிறார் தாய்.

இது ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. பெருநகர அலுவலகங்கள் பலவற்றில் கோடைக் காலத்திலும் சால்வை போர்த்திப் பணிபுரிவோரைக் காணலாம். வெளியிலிருந்து வரும் வெப்பத்தை விரட்ட மின்சாரம் செலவாகிறது. வேண்டிய அளவுக்கு மேல் குளிரூட்டவும் மின்சாரம் செலவாகிறது. முதற்செலவு தேவையானது. இரண்டாம் செலவால் பயன் பெறுவோர் எவரும் இலர். ஆயினும் மாத இறுதியில் வரும் மின்கட்டணச் சீட்டில் இவ்விரண்டும் ஒரே தொகையாகவே நிற்கும். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுவதால், வீணாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கோ ஒரு புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது. அப்படியானால், ஒரு கட்டடம் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுகிறதா, வீணாக்குகிறதா என்பதைப் பிறர் எவ்வாறு அறிவது?

வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியின் கதவில் நட்சத்திரங்கள் பதித்த சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறையும் என்பதைச் சிறுவரும் அறிவர். இந்தச் சீட்டை வழங்குவது எரிசக்தித் திறன் பணியகம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி, 2002 மார்ச் மாதத்தில் நடுவண் அரசின் மின்துறை அமைச்சகத்தின் கீழ் இது அமைக்கப்பட்டது. 2006இல் வீட்டுச் சாதனங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கிய இப்பணியகம், 2009இல் அலுவலகக் கட்டடங்களுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்க முன்வந்தது. கட்டட உரிமையாளர் தாமே விரும்பி விண்ணப்பித்தால் மட்டுமே மதிப்பீடு நடைபெறும், கட்டாயம் இல்லை.

குளிர்பதனப் பெட்டியை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துவிடலாம். பத்து மாடிக் கட்டடத்தை எந்த ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுபோவது? ஆகவே, கட்டடம் இருந்த இடத்தில் இருந்தபடியே ஓராண்டு முழுவதும் எப்படி நடந்துகொண்டது என்பது பார்க்கப்படுகிறது. பன்னிரண்டு மாதங்களில் செலவான மின்சாரத்தைக் கூட்டி, அதைக் கட்டடத்தின் தளப்பரப்பால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு ஆற்றல் செயல்திறன் குறியீட்டெண் என்று பெயர். பெயர்தான் நீளமானது, கணக்கு ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கே. வாங்கிய மின்சாரத்தோடு, மின்தடையின்போது டீசல் இயந்திரம் ஓட்டி எடுத்த மின்சாரமும் இதில் சேரும். கூரையிலுள்ள சூரியத் தகடுகள் தந்த மின்சாரம் சேராது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கட்டடத்தின் தளப்பரப்பு 10,000 சதுர மீட்டர் என்க. அது ஓராண்டில் 12 இலட்சம் யூனிட் செலவிட்டால், குறியீட்டெண் 120. அதாவது, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட தரைப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 120 யூனிட் செலவாகியுள்ளது. ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவதே ஒரு யூனிட்.

இந்த 120க்கு எத்தனை நட்சத்திரம்? விடை, அக்கட்டடம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னையின் புழுக்கத்தில் காற்றிலுள்ள ஈரத்தையும் குளிரூட்டியே பிழிந்தெடுக்க வேண்டும். ஜோத்பூரின் காற்றில் அனல் உண்டு, ஈரம் இல்லை. தில்லியிலோ கோடையும் குளிரும் மாறி மாறி வரும். எல்லா ஊர்க் கட்டடங்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது முறையாகாது. இதனால் இந்தியா ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது: வெப்பமும் வறட்சியும் உடையது, வெப்பமும் ஈரமும் உடையது, கலப்பு, மிதம், குளிர். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகியவை ஈர வெப்ப மண்டலத்தில் அடங்கும். தில்லி கலப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. பெங்களூரு மித மண்டலத்தைச் சேர்ந்தது. 2009இல் வகுக்கப்பட்ட அட்டவணையின்படி, பெரும்பகுதி குளிரூட்டப்பட்ட அலுவலகம் ஒன்று 120 என்னும் குறியீட்டெண்ணைப் பெற்றால், அது சென்னையில் நான்கு நட்சத்திரம் பெறும். தில்லியில் மூன்று மட்டுமே பெறும். ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் சென்னையில் எண் 100க்குக் கீழும், தில்லியில் 90க்குக் கீழும் இறங்க வேண்டும்.

எண்ணை எவ்வாறு இறக்குவது? குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் மின்செலவின் பெரும்பங்கு குளிரூட்டும் பொறிகளுக்கே போகிறது. அங்குக் கைவைத்தால்தான் கணக்கு மாறும். தாயின் கைப்பையில் உள்ள சால்வைக்கும் நட்சத்திரத்திற்கும் உள்ள தொடர்பு இதுவே. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால், குளிரூட்டியின் மின்செலவில் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சமாகும் எனப் பணியகம் கூறுகிறது. 20 பாகையில் ஓடும் பொறியை 24 பாகைக்கு மாற்றினால், கால் பங்குக்குச் சற்றே குறைவான மின்சாரம் மிச்சமாகும். சால்வைக்கும் வேலை இல்லை. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிரூட்டிகள் 2020 முதல் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதி செய்யப்பட்டதும் இதனாலேயே.

அடுத்தது வெயிலை வாசலிலேயே நிறுத்துவது. இன்றைய அலுவலகக் கட்டடங்கள் பல தரையிலிருந்து உச்சிவரை கண்ணாடி போர்த்தி நிற்கின்றன. குளிர்நாடுகளில் வெயிலை உள்ளே அழைப்பதற்கு அது உதவும். வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில், மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி வைத்துவிட்டுப் பிற்பகல் முழுவதும் திரையை இழுத்து மூடி, உள்ளே விளக்கெரித்து அமர்ந்திருப்பது வேடிக்கைக்குரியது. தடித்த சுவரும், சன்னலுக்கு மேல் நீண்ட வெயில் தடுப்பும் பார்ப்பதற்குப் பழமையாகத் தோன்றலாம். ஆனால் மின்கட்டணச் சீட்டு அழகைப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டு வழிகளையும் தில்லியில் ஒரே இடத்தில் காணலாம். நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கும் இந்திரா பர்யாவரண் பவன் 2014 பிப்ரவரி 25 அன்று அப்போதைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங்கால் திறந்துவைக்கப்பட்டது. இரு பகுதிகளாக நிற்கும் இக்கட்டடத்தின் நடுவே பெரிய முற்றம் உள்ளது. காற்றும் பகல் வெளிச்சமும் அதன் வழியே உள்ளறைகளுக்குச் செல்கின்றன. உள்வெப்பநிலை 26 பாகை அளவில் இருக்குமாறு திட்டமிடப்பட்டது. தேவையை முதலில் இவ்வாறு சுருக்கிக்கொண்டு, அதன்பின் கூரையில் 930 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகளைப் பரப்பினார்கள். ஓராண்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் தானே ஆக்கிக்கொள்ளும் நோக்கத்துடன் எழுந்த கட்டடம் இது. இந்த வரிசைமுறை கவனிக்கத்தக்கது. தேவையைக் குறைக்காமல் தகடுகளை மட்டும் அடுக்கினால், எத்தனை பெரிய கூரையும் போதாது.

சூரியத் தகட்டையோ கண்ணாடியையோ ஒருமுறை பொருத்திவிடலாம். பணியகத்தின் நட்சத்திரம் அப்படி ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கு உரியதன்று. வரைபடத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காற்று வடிகட்டியில் தூசி அடைந்து கிடந்தால் குளிரூட்டி திணறும். ஆளில்லாத கூடத்தில் இரவெல்லாம் விளக்கெரிந்தால் யூனிட் ஏறும். வடிகட்டியைக் கழுவும் பணியாளரும், மாலையில் ஒவ்வொரு தளமாக விளக்கை அணைத்துவரும் காவலரும் கட்டடக் கலைஞருக்கு நிகராக அந்த எண்ணை முடிவு செய்கிறார்கள். நட்சத்திரம் பதித்த பலகையில் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

இத்திட்டத்தில் நெருடலான இடமும் உண்டு. பாதிப் பரப்புக்கும் குறைவாகக் குளிரூட்டப்பட்ட கட்டடங்களுக்குத் தனி அட்டவணை வகுக்கப்பட்டது. தில்லியில் மின்விசிறியே துணையாகக் கோடையைக் கழிக்கும் பழைய அலுவலகம் ஒன்றின் குறியீட்டெண் 65 என்க. அந்த அட்டவணைப்படி அதற்கு இரண்டு நட்சத்திரம். முழுதும் குளிரூட்டப்பட்ட மற்றொரு கட்டடத்தின் எண் 85 என்க. அதற்கு ஐந்து நட்சத்திரம்! குறைவாகச் செலவிட்டது இரண்டைப் பெற, கூடுதலாகச் செலவிட்டது ஐந்தைப் பெறுகிறது. குளிரூட்டிய கட்டடத்தை அதன் இனத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஓட்டப் பந்தயத்தையும் நீச்சலையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்பது திட்டத்தின் நியாயம். அந்த நியாயம் சரியே. எனினும் நட்சத்திரங்களை மட்டும் பார்த்துச் செல்பவர், வியர்வை துடைத்தபடி பணிபுரியும் பழைய அலுவலகத்தை வீண்செலவாளி என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே நட்சத்திரத்தோடு எண்ணையும் சேர்த்துப் படிப்பதே முறை.

மற்றொரு சிக்கல் நேரத்தைப் பற்றியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இரவு பகலாக இயங்கும் அழைப்பு மையங்களைப் பகல் அலுவலகங்களோடு ஒப்பிட்டால், அவை எப்போதும் தோற்கும். எனவே அவற்றுக்குப் பரப்பால் மட்டுமின்றி, இயங்கிய மணிகளாலும் வகுக்கும் தனிக்கணக்கு ஏற்படுத்தப்பட்டது. ஆட்களின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. நூறு பேர் நெருக்கி அமர்ந்து உழைக்கும் தளமும், பத்துப் பேர் மட்டும் இருக்கும் தளமும் ஒரே பரப்பாகவே கருதப்படும். பாதி நாற்காலிகள் காலியாக, கணினிகள் அணைந்து, விளக்குகள் மங்கிக் கிடக்கும் கட்டடத்தின் எண் தானாகவே இறங்கிவிடும். எவரும் எதையும் சேமிக்காமலே அதற்கு ஒரு நட்சத்திரம் கூடவும் கூடும்.