நூறு ரூபாயில் நாற்பது காசு: வெளியுறவுச் செலவை நாடாளுமன்றம் கேள்வி கேட்கும் விதம்

மானியக் கோரிக்கை என்ற சொல் ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதல்ல. சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வித் துறையின் கோரிக்கை, எண் 43, எந்தத் தேதியில் வருகிறது என்று ஆண்டுதோறும் பார்த்துக் காத்திருப்போம். அன்று காலை முதலே அறிவிப்புகள் கைப்பேசியில் வந்துகொண்டிருக்கும். கொள்கை விளக்கக் குறிப்பைத் தேடிப் பிடித்துப் படிப்பவர்களும் நம்மில் உண்டு. உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதிலுரைப்பார், அதன்பின் வாக்கெடுப்பு நடக்கும். சட்டமன்றம் அரசின் செலவைக் கட்டுப்படுத்துகிறது என்று பாடத்தில் சொல்வதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று.

டெல்லியிலும் இப்படித்தான் நடக்கும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. சட்டப்படி பார்த்தால் அந்த எண்ணம் சரி. நடைமுறை வேறு. அந்த வேறுபாட்டைக் காட்ட நான் எடுத்துக்கொள்ளும் துறை வெளியுறவு. காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் குடிமையியலில் ‘மத்திய அரசு’ ஒரு பாடம். சில மாதங்கள் கழித்து ‘இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை’ இன்னொரு பாடம். முன்னதில் நாடாளுமன்றம் வருகிறது, பின்னதில் பஞ்சசீலமும் அணிசேராமையும் அண்டை நாடுகளும் வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அவற்றைச் சந்திக்க வைப்பது பணம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2025-26 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வெளியுறவு அமைச்சகத்தின் கோரிக்கை, எண் 29, சுமார் 20,517 கோடி. கோடிகளைச் சொன்னால் வகுப்பில் கொட்டாவிதான் வரும். “அரசு 100 ரூபாய் செலவு செய்தால் அதில் 40 காசு வெளியுறவுக்கு” என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். உலகெங்கும் உள்ள தூதரகங்கள், கடவுச்சீட்டு அலுவலகங்கள், ஐ.நா. போன்ற அமைப்புகளுக்கான பங்களிப்பு, அண்டை நாடுகளுக்கான உதவி எல்லாமே அந்த 40 காசுக்குள்தான்.

சிங்கப்பெருமாள் கோயில் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த 40 காசு அவ்வளவு தொலைவில் இல்லை. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். 2023-ல் ஜி-20 தலைமைப் பொறுப்பு இந்தியாவிடம் இருந்தபோது அதன் மகளிர் மாநாடும் மாமல்லபுரத்தில் நடந்தது. அந்த ஆண்டு ஜி-20 பணிகளுக்கென வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கில் 990 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தந்தையரின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அங்கே ஒருவருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டாலோ, கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, அவர் போய் நிற்கும் கவுண்டருக்குப் பின்னால் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள் என்பதை முடிவு செய்வதும் இந்தக் கோரிக்கைதான்.

இனி நடைமுறை. அரசியலமைப்பின் 112-ஆவது பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பற்றியது. 113-ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவும் மானியக் கோரிக்கையாக மக்களவை முன் வைக்கப்படுகிறது. மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டுவதற்கு மட்டும் அதிகாரம் இல்லை. மாநிலங்களவை விவாதிக்கலாம், கோரிக்கைகள் மீது அதற்கு வாக்கு கிடையாது. எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறியபின், 114-ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கீட்டு மசோதா வரும். அது சட்டமாகாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

குறைக்கும் அதிகாரத்துக்கு வெட்டுத் தீர்மானம் என்று பெயர். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் ‘கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்று தீர்மானம் கொடுப்பார்கள். சிக்கனம் வேண்டுமென்றால் ஒரு தொகையைக் குறிப்பிட்டு அதைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் 100 ரூபாய் குறைப்பு. இந்த 1 ரூபாய், 100 ரூபாய் கணக்கு மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். ஆனால் பெரும்பான்மை உள்ள அரசுக்கு எதிராக வெட்டுத் தீர்மானம் நிறைவேறாது. நிறைவேறினால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகவே பொருள்.

சரி, விவாதமாவது நடக்கிறதா? எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதிக்க மக்களவைக்கு நேரம் போதாது. ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குறித்த நாளில், குறித்த நேரத்தில், மீதமுள்ள கோரிக்கைகள் அனைத்தையும் அவைத் தலைவர் மொத்தமாக வாக்குக்கு விடுவார். இதற்குக் கில்லட்டின் என்று பெயர், பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளைத் துண்டித்த கருவியின் பெயர். (இதை நடத்தும் நாளில் வரலாற்றுப் பாடத்தையும் சேர்த்து நினைவூட்டிவிடலாம்.) 2018 மார்ச் 14 அன்று எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் அரை மணி நேரத்துக்குள் நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்று மீண்டும் அப்படியே நடந்தது. வேளாண்மை, ரயில்வே போன்றவற்றுக்கு விவாதத்தில் இடம் பிடித்துத் தரத் தொகுதி மக்களின் குரல் இருக்கிறது. தூதரகத்துக்கு ஆள் போதவில்லை என்று எந்தத் தொகுதியில் ஊர்வலம் போகப்போகிறார்கள்?

இந்த இடத்தில் இலங்கையின் வழக்கம் ஒப்பிடத் தக்கது. அங்கே நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வந்தபின் ‘குழுநிலை விவாதம்’ வாரக்கணக்கில் நடக்கும். அமைச்சுகளின் செலவினத் தலைப்புகள் நாள் குறித்து அவையிலேயே எடுத்துக்கொள்ளப்படும். வெளிவிவகார அமைச்சுக்கும் அதில் இடமுண்டு. நம் சட்டமன்ற வழக்கத்துக்கு அது நெருக்கமானது.

அப்படியானால் நம் நாட்டில் வெளியுறவுச் செலவை யாரும் கேட்பதில்லையா? கேட்கிறார்கள், அவைக்கு வெளியே. 1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் தொடங்கப்பட்டன. இப்போது 24 குழுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. வெளியுறவு நிலைக்குழுவுக்கு 2014 முதல் 2019 வரையும், 2024 முதல் மீண்டும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சசி தரூர் தலைவர். இடையில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பி. பி. சௌத்ரி. நிதிநிலை அறிக்கைக்குப் பின் அவைகள் சில வாரங்கள் இடைவேளை விடுவது இந்தக் குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்வதற்காகத்தான். மாணவர்கள் அதை விடுமுறை என்று நினைப்பார்கள்.

குழுவின் கூட்டம் மூடிய அறையில் நடக்கும். வெளியுறவுச் செயலரும் அதிகாரிகளும் வந்து பதில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி இல்லாததால் கட்சிக்காகப் பேசும் கட்டாயம் குறைகிறது என்பது இதற்குச் சாதகமான வாதம். வாக்களித்தவர் தன் உறுப்பினர் என்ன கேட்டார் என்று அறிய முடியாது என்பது பாதகம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் பார்வையில், வெளியுறவைப் பொறுத்தவரை முதல் வாதத்துக்கு எடை சற்றுக் கூடுதல். குழுவின் அறிக்கையாவது எல்லோரும் படிக்கும்படி வெளிவருகிறது.

அறிக்கையில் குழு தேடுவது மூன்று எண்களை: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. கேட்டது எவ்வளவு, ஆண்டு நடுவில் மாற்றியது எவ்வளவு, கடைசியில் செலவானது எவ்வளவு. மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். 2024-25-ல் முதல் மதிப்பீடு 400 கோடி, திருத்திய மதிப்பீடு 470 கோடி, 2025-26-ல் 600 கோடி. 2023-ல் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு அங்கே ஆட்சி மாறியது செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். உறவு கசந்த நாட்டுக்கு உதவி ஏன் கூடியது? ஒரு வகுப்பு நேரம் முழுவதும் பேச இந்த ஒரு வரி போதும். அதே 2025-26-ல் பூட்டானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700 கோடி, இலங்கைக்கு 300 கோடி. சிறிய நாடான பூட்டானுக்கு ஏன் இவ்வளவு என்று ஒரு கை உயராமல் இருக்காது. நீர்மின் திட்டங்களையும் எல்லையையும் விளக்க அதுவே தருணம்.

2023-ல் இந்த நிலைக்குழு, நிதி மிகக் குறைவாகப் பெறும் அமைச்சகங்களில் வெளியுறவும் ஒன்று என்றும், மொத்தத் திட்டத்தில் குறைந்தது 1 சதவீதமாவது ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வெளியுறவுப் பணி அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் என்பதையும் சுட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் விகிதம் 0.4 சதவீதத்தில்தான் நிற்கிறது. குழுவின் பரிந்துரைக்கு உள்ள வலிமையும் வரம்பும் இதில் தெரியும். அரசு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும், பரிந்துரையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெட்டுத் தீர்மானம் போன்ற எதையும் குழு பரிந்துரைக்கவும் கூடாது.

நமக்கு நெருக்கமான ஒரு செலவைப் பின்தொடர்ந்து பார்ப்போம். இலங்கைப் போர் முடிந்த 2009-ல், ஜூலை 6 அன்று நிதிநிலை அறிக்கை உரையில் பிரணாப் முகர்ஜி, இடம்பெயர்ந்த தமிழர்களின் மறுவாழ்வுக்காக 500 கோடி ரூபாய் அறிவித்தார். 2010-ல் 50,000 வீடுகள் கட்டித் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மதிப்பு சுமார் 1,372 கோடி ரூபாய். வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகள், மலையகத் தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள். முதற்கட்டமாக 1,000 வீடுகளை ஒப்பந்ததாரர் வழியாகக் கட்டினார்கள். அவை முடியவே 2012 ஆயிற்று. பிறகு முறை மாறியது. வடக்கு, கிழக்கில் பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ள, 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாக அவர் வங்கிக் கணக்குக்குச் சென்றது. அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. அறிவிப்பு ஓர் ஆண்டில், ஒதுக்கீடு பல ஆண்டுகளில், கூரை ஏறியது வேறோர் ஆண்டில். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

செலவான பிறகும் கேள்வி உண்டு. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அலுவலகம் தூதரகக் கணக்குகளையும் தணிக்கை செய்கிறது. லண்டன், வாஷிங்டன், கோலாலம்பூர் நகரங்களில் அதற்கென அலுவலகங்களே உள்ளன. தணிக்கை அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். 1967 முதல் இதன் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வருவது மரபு. தமிழ்நாட்டின் இரா. செழியன் 1971 முதல் 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இந்தக் குழுவின் தொடக்க கால வழக்கு ஒன்று சென்னைத் துறைமுகத்தோடு தொடர்புடையது. 1948-ல் காஷ்மீர்ப் போரின்போது, லண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி ராணுவத்துக்கு ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் செய்தார். முன்பணமும் பெருமளவு கொடுக்கப்பட்டது. வந்திறங்கிய 155 ஜீப்புகளும் பயன்படாதவை என்று சோதனையில் தெரிந்தது. பொதுக் கணக்குக் குழு இதை விடாமல் பிடித்துக் கேட்டது. 1955 செப்டம்பரில் அரசு விஷயம் முடிந்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த பிப்ரவரியில் மேனன் அமைச்சரானார். குழு தோற்றது என்று மாணவர்கள் சொல்வார்கள். எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த 155 என்ற எண் நமக்குத் தெரிகிறதே, அது எப்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வியின் கை எட்டாத இடங்களும் இருக்கின்றன. கோரிக்கையில் ‘சிறப்புத் தூதாண்மைச் செலவு’ என்றொரு தலைப்பு உண்டு. விவரம் இல்லாத ஒற்றை வரி. இரகசியம் தேவைப்படும் செலவு எல்லா நாட்டுக்கும் உண்டு என்பதை ஏற்கலாம். இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2022-ல் இலங்கை திவாலானபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் மதிப்புக்கு உதவியது. அந்த ஆண்டு வெளியுறவு அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடே 17,250 கோடி ரூபாய்தான். டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் கணக்கை மாணவர்களிடமே விடலாம், உதவி அந்த ஒதுக்கீட்டைத் தாண்டிவிடும். எப்படி? பெரும்பகுதி கடன் வசதி, நாணயப் பரிமாற்றம், திருப்பிச் செலுத்தும் தவணை நீட்டிப்பு. இவை ஏற்றுமதி இறக்குமதி வங்கி, ரிசர்வ் வங்கி, பாரத ஸ்டேட் வங்கி போன்றவற்றின் வழியாகச் சென்றன. எண் 29-ஐ மட்டும் வரிக்கு வரி படிப்பவர் கண்ணில் அந்த ஆண்டின் மிகப் பெரிய வெளியுறவு முடிவு படாது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு செயல்பாடு. 31 மாணவர்களைக் குழுவாக உட்கார வையுங்கள், 21-க்கும் 10-க்கும் இடையே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. நான்கு பேர் வெளியுறவு அதிகாரிகள். கரும்பலகையில் பூட்டான், நேபாளம், மாலத்தீவு, இலங்கை என்ற நான்கு வரிகளும் எண்களும் மட்டும். கேள்வி கேட்பவர் ‘ஏன்’ என்று மட்டும் தொடங்கக் கூடாது, ஓர் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது ஒரே விதி. இருபது நிமிடம் ஆனதும், யார் எந்தக் கேள்வியின் நடுவில் இருந்தாலும் மணி அடித்து எல்லாவற்றையும் வாக்குக்கு விட்டுவிடுங்கள். கூச்சல் எழும். “சார், இன்னும் இலங்கைக்கே வரலையே!” என்று எங்கள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். கில்லட்டின் என்ற சொல்லை அப்போது கரும்பலகையில் எழுதினேன்.