ஒரு ஓரம் வெட்டிப் பார்

(தொடர் - 11)

கணியம்பாடியில் திரும்பி அமிர்திச் சாலையில் போனால், ஜவ்வாது மலை கிட்டே வர வர செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். போன ஞாயிறு பிள்ளைகளுக்கு மான் காட்டப் போனேன். கடைசிக் கோடு மிச்சமிருந்தபோது ஆம்பூரிலிருந்து ஒரு செய்தி. ஷூ கம்பெனி ஒன்றில் மென்பொருள் எழுதும் தம்பி அனுப்பியது: "அண்ணா, சர்ச் ஒர்க் ஆவல. அர்ஜென்ட். லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். ஆனால் என்ன பதில் போடுவது? எதைத் தேடினான், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், ஒன்றுமே இல்லை. யோசிப்பதற்குள் கோடு போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தால் "அண்ணா?", "ஹலோ?" என்று வரிசை. அதற்குக் கீழே கம்ப்யூட்டர் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோக்கள். முந்நூறு வரி நிரல் இருக்கும்.

புட்டி (PuTTY) என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், பிழையைச் சொல்வது எப்படி என்று 1999-லேயே ஒரு கட்டுரை எழுதினார். நீ செய்ததைச் சொல், கண்டதைச் சொல், உன் ஊகத்தைத் தனியாகச் சொல் என்பதுதான் அதன் சாரம். கேள்வி கேட்பது எப்படி என்று 2001-இல் எரிக் ரேமண்ட் எழுதியது இன்னும் பிரபலம். ஆனால் புதிதாக வருகிறவனை அதட்டும் அந்தத் தொனி எனக்குப் பிடிக்காது. பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் அப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் டிரம் பார்த்தவர்.

"குரோம் சரியா ஏறிச்சான்னு அப்பா எப்படிப் பார்ப்பாரு?"

"ஒரு ஓரம் வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போடுவாரு. சுருங்கினா இன்னும் ஏறலன்னு அர்த்தம்."

"டிரம்ல இருக்கிற எல்லாத் தோலையுமா?"

சிரித்தான். வெட்டும் இடத்திலும் விஷயம் இருக்கிறது. கழுத்துப் பக்கம் மாதிரி தடித்த இடத்தில்தான் கோளாறு தங்கும். மெல்லிய வயிற்றுப் பகுதியை வெட்டிப் போட்டால் எல்லாம் சரி என்றே தெரியும். முந்நூறு வரியிலும் அப்படித்தான். கோளாறு இல்லாததையெல்லாம் கழித்துக்கொண்டே வர வேண்டும், கோளாறு மட்டும் போகக்கூடாது.

கம்பெனி பஸ் எந்த ஊரில் யாரை ஏற்றுகிறது என்ற பட்டியலில்தான் அவன் தேடினான். இரவு எட்டரைக்கு அடுத்த செய்தி வந்தது. பைத்தானில் நாலே வரி, கூடவே இந்தக் குறிப்பு:

"அண்ணா, 'பொய்கை'ன்னு தேடினா பட்டியல்ல இருக்கிற 'பொய்கை' வரல. ரெண்டையும் தனியா எடுத்து ஒப்பிட்டேன், சமம் இல்லைங்குது. பார்க்க ஒரே மாதிரி இருக்கு, ஆனா நீளம் ஒண்ணு 6, இன்னொண்ணு 7. ஸ்பேஸ் இருக்குமோன்னு பார்த்தேன், இல்ல. ஏன்?"

இதைப் படித்த நொடியில் விடை தெரிந்துவிட்டது. யூனிகோடில் 'பொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி 0BCA என்ற ஒரே எண்ணாக வரலாம். அல்லது கொம்பு 0BC6, கால் 0BBE என்று இரண்டு எண்ணாகப் பிரிந்து வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எந்தக் கருவியில் தட்டினோம், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினோம் என்பதைப் பொறுத்து இது கலந்துவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும், பிரிந்ததைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஒரு வரிப் பதில். அதையும் அவனே பாதி கண்டுபிடித்திருந்தான். மத்தியானமோ பட்டியலையே திரும்பத் தட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தானாம்.

மறுநாள் காலை: "கொணவட்டமும் வந்துடுச்சுண்ணா. பேரணாம்பட்டு மட்டும் வரல. வெட்டிப் பார்த்தேன். 'ண' போடற இடத்துல 'ன' போட்டிருக்கு. அது நான் அடிச்சதுதான்."