இரட்டைப் பார்வைக்குக் கொரிய ஊசி மருத்துவம்

காலையில் எழுந்ததும் ஒரு வாசல் இரண்டாகத் தெரிகிறது. ஏதாவது ஒரு கண்ணைப் பொத்தினால் மீண்டும் ஒன்றாகிவிடுகிறது. விழியை அசைக்கும் நரம்போ தசையோ செயலிழந்தால் இப்படி ஆகும். கண்ணாடியை மாற்றிச் சரிசெய்யலாம் என்று நாள் கடத்த வேண்டாம்.

எந்த நரம்பு?

ஒவ்வொரு விழியையும் அசைக்க 6 தசைகள். அவற்றை இயக்க மூளையிலிருந்து 3 நரம்புகள்: மூளை நரம்புகளின் வரிசையில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது. மூன்றாம் நரம்பு செயலிழந்தால் இமை தொங்கும், விழி வெளிப்புறமாகக் கீழ்நோக்கி ஒதுங்கும். நான்காம் நரம்பு என்றால் படி இறங்கும்போதுதான் சிரமம் தெரியும். சிலர் தம்மையறியாமல் தலையைச் சாய்த்தே பார்ப்பார்கள். ஆறாம் நரம்பு கெட்டால் விழி வெளிப்பக்கம் திரும்பாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள முதியவர்களுக்கு, நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய் அடைபடுவதே அடிக்கடி காணும் காரணம்.

கொரியாவில் நடப்பது

தென்கொரியாவில் பாரம்பரிய மருத்துவருக்கு 6 ஆண்டுப் படிப்பும் அரசு உரிமமும் உண்டு. ஊசி (அக்குபங்சர்) சிகிச்சைக்கு 1987 முதல் தேசியக் காப்பீடு கிடைக்கிறது. ஹியோ ஜுன் எழுதி 1613இல் அச்சான 'டோங்குய் போகாம்' இன்றும் அவர்களுக்கு மூலநூல். கண் நரம்பு வாதத்துடன் வருபவரைப் படுக்கவைத்து, புருவத்தின் உள்முனை, நெற்றிப்பொட்டு, கண்ணுக்குக் கீழே, கை, கால் என மெல்லிய ஊசிகளைச் செருகுகிறார்கள். சில ஊசிகளில் லேசான மின்சாரம் பாயும். கூடவே மூலிகைக் கஷாயம். தேனீ விஷத்தை நீர்த்து ஊசியாகப் போடுவதும் உண்டு.

குணம் எதனால்?

விழி நேரானதாகச் சொல்லும் அனுபவக் குறிப்புகள் கொரிய மருத்துவ இதழ்களில் வருகின்றன. ஆனால் நுண்குழாய் அடைப்பால் வந்த வாதம் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஊசி போடாத நோயாளிகளோடு ஒப்பிடாமல் பலனை ஊசியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. காரணம் தெரிந்தபின், வழக்கமான சிகிச்சையை விடாமல், தேர்ந்த கையிடம் துணைக்குச் செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

முதலில் ஸ்கேன்

இமை தொங்கி, கண் பாவையும் விரிந்து, கடுமையான தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் அவசரப் பிரிவைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் மூளையில் அழுத்தம் கூடியிருக்கலாம். 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலித்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், உடனே ஸ்டீராய்டு தேவைப்படலாம். தாமதித்தால் பார்வையே போய்விடலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கண்ணோரத்தில் ஊசியால் ரத்தம் கட்டலாம். கஷாயமும் அந்த மாத்திரையோடு மோதலாம். தேனீ விஷம் ஒவ்வாதவருக்கு மூச்சே திணறலாம். இவற்றை ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குணமாகும்வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடமாடலாம், வண்டி மட்டும் ஓட்டாதீர்கள். 3 மாதமாகியும் முன்னேற்றமே இல்லையென்றால் மறுபடி பரிசோதனைக்குப் போங்கள்.