அன்ன ஏரி இளவரசனை ஆட வைத்தவர் யார் தெரியுமா?

'ஸ்வான் லேக்' பாலே என்றதும் வெள்ளுடையில் அன்னமாக ஆடும் பெண்தானே கண்முன் வருகிறாள்? அவளைக் காதலிக்கும் இளவரசன் சீக்ஃப்ரீட் என்ன செய்வான்? தூக்குவான், தாங்குவான், ஒதுங்கி நிற்பான். வெகுகாலம் அவன் வேலை கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரியின்ஸ்கி அரங்கில் நடன அமைப்பாளர்கள் பெட்டிபாவும் இவானோவும் இந்த பாலேவைப் புதிதாக அமைத்தார்கள். அதில் இளவரசனாக வந்த பாவெல் கெர்ட்டின் வயது என்ன தெரியுமா? 50! காதலர்கள் மட்டுமே இருக்க வேண்டிய ஏரிக்கரைக் காட்சியில் நாயகியைத் தாங்கிப் பிடிக்க, தோழன் பென்னோவும் மேடையில் இருந்தான்! அதே மேடையில் நாயகி பியரினா லென்யானியோ ஒற்றைக் காலில் விடாமல் 32 சுற்று சுழன்று அசத்தினார். கைதட்டல் யாருக்குப் போயிருக்கும், சொல்லுங்கள்!

இந்த நிலையை மாற்றியவர் நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியேவ். பிறந்ததே ஓடும் ரயிலில்! 1938-ல், சைபீரியாவைக் கடந்துகொண்டிருந்த ரயிலில். உஃபா நகரத்து ஏழை டாட்டர் குடும்பம். பாலே கலைஞர்கள் பத்து வயதிலேயே பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். இவர் லெனின்கிராட் பள்ளிக்குள் நுழைந்ததே 17 வயதில்! 1961 ஜூன் 16 அன்று, குழுவோடு ஆடப் போயிருந்த பாரிஸின் விமான நிலையத்தில் சோவியத் காவலர்களின் பிடியிலிருந்து விலகி, பிரெஞ்சுப் போலீசாரிடம் அடைக்கலம் கேட்டார். உலகமே பரபரத்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் மறு ஆண்டு லண்டனில் நடந்தது. முதல் அங்கத்தின் முடிவில் சீக்ஃப்ரீட்டுக்கு ஒரு தனி நடனத்தைத் தாமே அமைத்துச் சேர்த்தார் நூரியேவ். வானத்தில் பாய்ந்து பிரமிக்க வைக்கும் நடனம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! மிக மெதுவானது, துயரமானது! பிறந்தநாள் விருந்து ஓய்ந்துவிட்டது. பெண் பார்த்து மணம் முடி என்று தாய் சொல்லிவிட்டாள். இளைஞன் தனியே தவிக்கிறான். அதுவரை கையசைவாலும் முகபாவத்தாலும் சொல்லப்பட்டதை முழு உடம்பாலும் சொன்னார். பாய்ந்து குதிப்பதை விட இது கடினம் தெரியுமா? வேகம் தடுமாற்றத்தை மறைத்துவிடும். மெதுவான இசையில் கணுக்கால் நூலளவு ஆடினாலும் தெரிந்துவிடும்! அதோடு, குதிகாலை நன்றாக உயர்த்தி முன்பாதத்தில் நின்று, நாயகிக்கே உரியதாக இருந்த நீண்ட உடல்கோட்டை ஆணுக்கும் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால், அவருடைய புகழ்பெற்ற பாய்ச்சல்களையெல்லாம் விட இந்த நிதானம்தான் பெரிய சாதனை.

1964 அக்டோபரில் வியன்னா அரசு ஆபரா அரங்கில் முழு 'ஸ்வான் லேக்'கையும் தாமே வடிவமைத்து ஆடினார். அவருக்கு 26 வயது, ஜோடி மார்கோ ஃபான்டெய்னுக்கு 45! கதையின் முடிவில் இளவரசன் வெள்ளத்தில் மூழ்கியதும் திரை விழுந்தது. கைதட்டல் மட்டும் ஓயவில்லை. எத்தனை முறை திரையை விலக்கி இருவரும் வணங்கினார்கள் தெரியுமா? 89 முறை! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது.

1984-ல் பாரிஸில் இன்னும் ஒரு படி மேலே போய், கதை முழுவதையும் இளவரசன் காணும் கனவாகவே ஆக்கிவிட்டார்!

வியன்னா வடிவம் 1966-ல் படமாகப் பதிவாகியிருக்கிறது. தேடிப் பிடித்துப் பாருங்கள். ஒருமுறையாவது, அன்னத்தை விட்டுவிட்டு இளவரசனை மட்டும் கவனியுங்கள்!