கட்டத்துக்குள் வானம்

பிரபஞ்சத்தை அரூப ஓவியமாக்குகிறேன் என்று கணினித் திரையில் இன்று வரையப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒரே படம்தான். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த மேகம், நடுவே ஓர் ஒளிக்கீற்று, ஓரமெங்கும் தூவிய வெள்ளைப் புள்ளிகள். வரைபவர்களுக்குக் கைத்திறன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்து வரைவது வானத்தின் புகைப்படங்களை என்பதுதான் சிக்கல். புகைப்படமும் வானமும் ஒன்றுதானே என்றால், 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பாருங்கள். அதிலுள்ள வாயு மேகத்தில் ஹைட்ரஜன் உமிழும் ஒளியும் கந்தகம் உமிழும் ஒளியும் நம் கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு. பிரித்துக் காட்டுவதற்காகக் கந்தகத்துக்குச் சிவப்பையும் ஹைட்ரஜனுக்குப் பச்சையையும் ஆக்சிஜனுக்கு நீலத்தையும் விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள். ஆராய்ச்சிக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஹபிள் படங்களின் நிறமும் அமைப்பும் அமெரிக்க மேற்கைத் தீட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியங்களை ஒத்திருக்கின்றன என்று கலை வரலாற்றாளர் எலிசபெத் கெஸ்லர் 2012-இல் ஒரு நூலே எழுதினார். ஆக, இங்கே உட்கார்ந்து அந்த மேகங்களை நகலெடுப்பவர் தம்மை அறியாமல் அமெரிக்க மேற்கின் பாறைகளை வரைந்துகொண்டிருக்கிறார்.

வேறு வழி உண்டா என்பதற்குத் திருவனந்தபுரத்தில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கருக்கென்றே தனி ஓவியக்கூடம் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமானவர் அவர். 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், அட்டவணைகள், மலையாளம்போலத் தோன்றி வாசிக்க வராத எழுத்துகள் என்று நிரப்பினார். ஒளிரும் நட்சத்திரத்தை அங்கே தேட வேண்டாம். கிரகங்களைப் பற்றி மனிதன் எழுதிவைத்த கணக்கின் உருவத்தை எடுத்துக்கொண்டு, பலனை உதறிவிட்டார். வானத்தை அரூபமாக்க விரும்பும் டிஜிட்டல் ஓவியர் தொடங்க வேண்டிய இடமும் இதுதான் என்பது என் கட்சி: மேகத்தின் அழகிலிருந்து தொடங்காமல், அதை அளந்த முறையிலிருந்து தொடங்குவது.

பணிக்கர் அந்த வரிசையைத் தொடங்கிய அதே ஆண்டில், நவம்பர் 21 அன்று, அதே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் மேலே போனது. அங்கிருந்த மேரி மகதலேனா தேவாலயம் ராக்கெட் கூடமான கதையை எல்லோரும் சொல்வார்கள். ராக்கெட் எதைச் சுமந்து சென்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது சுமந்தது சோடியம். தரை இருண்டு, உயரத்தில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும் அந்தி வேளையில் சோடிய ஆவியை வெளியே விட்டால் அது வெயில்பட்டு மஞ்சள் கோடாக ஒளிரும். மேல்வளிமண்டலக் காற்று அந்தக் கோட்டை முறுக்கி வளைக்கும். வெவ்வேறு ஊர்களிலிருந்து அதைப் படமெடுத்துப் பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால், காற்று எந்த உயரத்தில் எப்பக்கம் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிடலாம். அதைக் கலை என்று யாரும் செய்யவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கோடாக மாற்ற விதி ஒன்று போதும், கோட்டின் வளைவை விதியே கொண்டுவந்துவிடும் என்பதை அந்த மாலை காட்டியது.

இன்றைய ஓவியருக்கு அந்தச் சோடியத்தின் இடத்தில் தரவு இருக்கிறது. 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் புறஊதாக் கதிரிலும் எக்ஸ் கதிரிலும் வானத்தைப் பார்த்தது. அதன் தரவுகள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அந்தக் கதிர்களுக்கு ‘இயற்கை நிறம்’ என்று ஒன்று கிடையாது. எந்த நிறம் கொடுத்தாலும் அது ஓவியரின் தீர்மானம். வானியல் கேமரா ஒன்றின் 16 பிட் கோப்பு ஒவ்வொரு புள்ளியிலும் 65,536 படிநிலைகளைப் பதியும். சாதாரணத் திரை ஒரு நிறத்துக்கு 256 படிகளைத்தான் காட்டும். எதை நசுக்குவது, எதை நீட்டுவது, எதை இருளுக்குள் விடுவது என்ற தேர்விலேயே ஓவியம் ஆரம்பமாகிவிடுகிறது. இங்கே தூரிகை ஒரு மடக்கைச் சார்பாகக்கூட இருக்கலாம்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு: பார்வையாளர் விதியையா பார்க்கிறார், படத்தைத்தானே? படம் எங்கிருந்து வந்தால் அவருக்கென்ன? கேள்வி நியாயமானது. ஆனால் பணிக்கரின் எழுத்துகளையும் ஒருவராலும் வாசிக்க முடியாது. வரிசைக்குக் கட்டுப்பட்டு, பத்தி பிரித்து, ஏதோ ஒன்றைச் சரியாகப் பதிவு செய்யும் கவலையோடு எழுதிய கை என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. விதி இருந்தால் தடயம் இருக்கும். கென் பெர்லின் 1980-களில் கண்டுபிடித்த இரைச்சல் சார்பைக் கொண்டு மென்பொருள் உருவாக்கும் மேகத்தில் எல்லா மூலையும் ஒரே அளவு செழிப்பாக இருக்கும். உண்மைத் தரவிலோ பெரும்பகுதி காலி. உணர்வியின் கோளாறுகூட ஒரு கோடாக வந்து விழும். அந்தக் காலியிடத்தை நிரப்பாமல் விடத் துணிகிற ஓவியரைத்தான் நான் தேடுகிறேன்.

அப்படியானால் கற்பனைக்கு இடமே இல்லையா, இது விஞ்ஞானத்துக்கு எடுபிடி வேலையாகாதா என்றும் கேட்பார்கள். ஜாதகக் கட்டத்தைக் கையாண்ட பணிக்கரை யாரும் சோதிடரின் எடுபிடி என்று சொன்னதில்லை. கட்டத்தை ஏற்றுக்கொண்டவர் அதன் பயனை ஏற்கவில்லை. தரவை எடுக்கும் ஓவியரும் அதைத் தலைகீழாக்கலாம், காலவரிசையைக் குலைக்கலாம், புறஊதாவைச் சாம்பல் நிறமாக்கலாம். நாசா படங்களைத் தின்று வளர்ந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘நெபுலா’ என்று கேட்பவருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. ஹைட்ரஜனுக்குப் பச்சை என்று 1995-இல் வேறு யாரோ எடுத்த முடிவு அவருக்குத் தெரியாமலே அவர் திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.